வளையல் அளவு

அன்புள்ள மகனுக்கு,

எழுத்து ரொம்பச் சின்னதாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி. ஆஸ்பத்திரியில் கொடுத்த இந்தத் தடிக் கண்ணாடியில் எனக்கு எல்லாமே பெரிதாகத் தெரிகிறது. கொட்டை கொட்டையாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு நான் எழுதுவது உன் கைக்கு வரும்போது கடுகாக இருக்கும். போன மாதம் விக்கிரவாண்டிக்கு உன் மாமனுக்கு ஒரு கார்டு போட்டேன். அவன் அதைத் தூக்கிக்கொண்டு போஸ்டாபீசுக்கே போய், யாராவது படித்துச் சொல்லுங்கள் என்று நின்றானாம். ஊரே சிரித்திருக்கிறது. சிரிக்கட்டும். கண் போன காலத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்று நான் செய்த காரியங்களுக்கு, கண் வந்த பிறகு சிரிப்பதுதான் நியாயம்.

வைகாசியில் மயிலம் மலையில் கல்யாணம் என்று உன் அம்மாவுக்கு நீ எழுதிய கார்டை அவள் என்னிடம்தான் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். உன் கையெழுத்தை என் வாயால் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு, நானும் தெரியாதவன் போலப் படித்தேன். அம்மாவும் மாமாவும் முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். என் பேர் அதில் இல்லை. இரண்டாம் தடவையும் படித்துப் பார்த்தேன். கண்ணாடியின் கோளாறு இல்லை, நிஜமாகவே இல்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். தபாலில் உனக்கு அனுப்புவதற்கு முன் இதை உன் மாமனுக்கும் நானே படித்துக் காட்டப் போகிறேன். உன்னை நான் அவமானப்படுத்தியது நாலு பேர் முன்னால். நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்வது மட்டும் உறை ஒட்டிய கடிதத்துக்குள் இருந்தால் எப்படி?

எனக்குத் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது விழுப்புரம் ஜங்ஷனில் நான் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது. நீ அப்போது கைப்பிள்ளை. என்ஜின் ஓட்டும் டிரைவர் துரை ஒருத்தர் எனக்குச் சிநேகிதம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிக்குப் பின்னால் மண்மேடு ஒன்றில் அட்டையைக் குத்திவைத்துச் சுடுவார். வேடிக்கை பார்க்கப் போன என் கையில் ஒரு நாள் கொடுத்தார். ஒரு கொக்கையோ முயலையோ நான் சுட்டதில்லை, சுடப் பிடித்ததும் இல்லை. காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம், அதன் நடுவில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். வாரம் பூராவும் மூட்டைக் கணக்கும் வியாபாரிகளின் கூச்சலுமாக இருக்கிற மனுஷனுக்கு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றையே பார்க்கிற அந்த நிமிஷம் கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது. துரை ஊரைவிட்டுப் போகும்போது அந்தச் சின்ன ரைபிளை லைசென்ஸோடு என் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் குறி பார்ப்பது இல்லை. துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன் சுடுகிறவன் உரக்க, "பின்னாடியா?" என்று கேட்க வேண்டும். அங்கே இருக்கிற ஒவ்வொருத்தரும், துரைசானி உட்பட, "பின்னாடி" என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு பதில் குறைந்தாலும் குழல் தரையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். ரிட்டயராகித் திண்டிவனத்துக்கு வந்து, வீட்டுத் தோட்டத்தில் மாட்டுக் கொட்டகையிலிருந்து முருங்கை மரத்துப் பக்கமாகப் பலகை வைத்துச் சுட ஆரம்பித்தபோதும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. லீவுக்கு வீட்டுக்கு வந்து இருக்கும்போதெல்லாம் நீ என் முதுகுக்குப் பின்னால் நின்று, "பின்னாடி நைனா! ஆடும் பின்னாடி! கோழி மட்டும் இன்னும் யோசிச்சிக்கினு இருக்குது!" என்று கத்துவாய். உன் அம்மா கிணற்றடியிலிருந்து சிரிப்பாள். நம் வீட்டில் நாம் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அங்கேதான் அதிகம்.

குறிக்கு வட்டம் போடுவது உன் அம்மாவின் வேலை. தன் கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றிக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, சட்டிக் கரியைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்து உள்ளே பூசுவாள். அதனால் நம் வீட்டில் குறிக்குப் பேரே வளையல்தான். சுட்டு முடித்ததும் நான் இருந்த இடத்திலிருந்தே, "வளையலுக்குள்ளயா?" என்பேன். அவள் பலகையிடம் போய்ப் பார்த்துவிட்டு, "உள்ளதாங்க" என்றோ, "கரையில பட்டுக்கினு போச்சு" என்றோ சொல்லுவாள். வெளியே போனால் வெளியே என்றுதான் சொல்லுவாள். அப்போதெல்லாம் அவள் பொய் சொன்னதில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியத்தை நான் அவளுக்கு அதுவரைக்கும் ஏற்படுத்தவில்லை.

யுத்தம் ஆரம்பித்த சமயத்தில் என் வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. இடது கண்ணும் பின்னாலேயே வந்தது. முதலில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. பிறகு எல்லாம் காப்பித் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போலப் பழுப்பாகிவிட்டது. தெருவில் எதிரே வருகிறவர் யார் என்று தெரியாமல், வணக்கம் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் போனேன். மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். குருடாகிக்கொண்டிருக்கிறான் என்று பேசுவதற்கு அது எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டேன். பக்கத்து ஊர்களில் எல்லாம் குறி தப்பாதவன் என்று பேர் வாங்கியவன் நான். அந்தப் பேரை விட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உன் அம்மாவிடம்கூட, "இப்பல்லாம் வெயில் ஜாஸ்தி, கண்ணு கூசுது" என்று மட்டும் சொன்னேன்.

இதற்குள்தான் மோசமான காரியம் ஒன்றைச் செய்தேன். "பின்னாடியா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. கேட்டால், உங்களுக்கே தெரியவில்லையா, எதிரில்தானே நிற்கிறேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஒரு மனுஷி எங்கே நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது வெளியே தெரியாமல் இருப்பதற்காக வாயையும் மூடிக்கொண்டேன். வெள்ளைக் காகிதத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். அதைப் பார்த்து விசையை இழுப்பேன். "வளையலுக்குள்ளயா?" என்பேன். "உள்ளதாங்க" என்று பதில் வரும். கண் மங்க மங்கக் குறி மட்டும் தேறிக்கொண்டே போவது எப்படி என்று ஒரு நாளாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் கை கண்ணை நம்பி இல்லை, பழக்கத்தை நம்பி இருக்கிறது என்று உன் மாமனிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவனும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

அந்தக் காணும் பொங்கல் உனக்கு மறந்திருக்காது. உன் மாமன் குடும்பம், முகையூரிலிருந்து வந்த அவனுடைய சம்பந்தி வகையறா, தெருக்காரர்கள் எல்லாரும் தோட்டத்தில் கரும்பு கடித்துக்கொண்டு நின்றார்கள். யுத்தத்தில் தோட்டா கிடைக்கவில்லை என்றாலும் இதற்கென்றே கொஞ்சம் பொத்தி வைத்திருந்தேன். நான் கொட்டகையடியில் உட்கார்ந்து, துப்பாக்கியை முழங்காலில் வைத்துக்கொண்டு, இந்த வயசிலும் வளையல் அளவில் எப்படிப் போடுகிறேன் பாருங்கள் என்று எல்லாரிடமும் சவால் விட்டுக்கொண்டிருந்தேன். நீ விழுப்புரத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கினாய். லோகோ ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வந்தவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே பலகையிடம் போய்க் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு எதிரே பிடித்தாய்.

"நைனா, இது வளையல் இல்ல. சோத்துத் தட்டு" என்றாய்.

"இன்னாடா ஒளர்ற?" என்றேன்.

"ஒளறல நைனா. தட்ட வெச்சுக் கோடு போட்டிருக்குது. அதுலயும் பாதி வெளியதான் போயிருக்குது. அம்மா எவ்ளோ கிட்ட நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுதா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. துப்பாக்கிய உள்ள வைங்க."

கரும்பு கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. நீ சொன்னதில் ஒரு வார்த்தையாவது என் காதில் ஏறியிருந்தால், கடைசியில் சொன்ன வார்த்தைதான் ஏறியிருக்க வேண்டும். எனக்கு ஏறியது முதல் வார்த்தை மட்டும். சோத்துத் தட்டு. என் பிள்ளை எல்லார் எதிரிலும் என்னைத் திருடன் என்று சொல்லிவிட்டான். நான் உன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மே, இங்க வா. எல்லார் எதிர்லயும் சொல்லு. இது வளையலா, தட்டா?"

அவள் உன் பக்கம் திரும்பினாள், என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, திரும்பியது மட்டும்தான் தெரிந்தது.

"வளையல்தாங்க" என்றாள்.

அதற்கப்புறம் நான் உன்னை அடித்தேன். பொறாமை பிடித்தவனே, நாலு காசு சம்பாதிக்க ஆரம்பித்ததும் அப்பன் குறியை அளக்க வந்துவிட்டாயா, போடா வெளியே என்றேன். நீ "அம்மாவ மட்டும் பாத்துக்குங்க மாமா" என்று உன் மாமனிடம் சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பொங்கல் சோறு ஒரு வாய் திங்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தாய். அன்றைக்கு அந்த அடியைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். அதைத் தனியாக எழுத வேண்டும். பெற்ற பிள்ளைக்கும் கட்டிய புருஷனுக்கும் நடுவில் உன் அம்மாவை நிறுத்தி, ஊர் முன்னால் அவளைச் சாட்சி சொல்ல வைத்தேன். அவள் எது சொன்னாலும் ஒருத்தரை இழக்க வேண்டியிருந்தது. நீ வீடு கட்டிக் குடித்தனம் நடத்தப் போகிறாய். சண்டை இல்லாத வீடு இல்லை, நீயும் போடுவாய். உன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, நான் சொல்வது சரியா இல்லையா, எல்லாருக்கும் சொல்லு என்று மட்டும் ஒருநாளும் கேட்காதே.

பிறகு எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்பதும் பெருமைப்படுகிற கதை இல்லை. துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். "பெரியவரே, மேஜை மேல போட்டுக்கினு இருக்கீங்க. காயிதம் இந்தப் பக்கம்" என்றான் குமாஸ்தா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணைக் காட்டி வைத்தியம் செய்துகொண்டு வந்தால்தான் லைசென்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பட்டணத்துக்கு ரயில் ஏறினேன். உன் அம்மா முகம் தெரிய வேண்டும் என்றோ, உன்னைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றோ போகவில்லை. ரைபிளுக்காகப் போனேன். உண்மை அதுதான்.

சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போக வைத்து, என்னை முழித்திருக்க வைத்துக்கொண்டே வலது கண்ணில் அறுத்தார்கள். பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டையை அண்டைகொடுத்துப் படுக்க வைத்தார்கள். இருமக் கூடாது, தும்மக் கூடாது, மெல்லுகிற எதையும் தின்னக் கூடாது. உன் அம்மா கஞ்சியைக் கரண்டியில் ஊற்றுவாள், நான் பச்சைக் குழந்தை மாதிரிக் குடிப்பேன். ஒரு நாள் மத்தியானம் நீ வந்தாய். நீ வாயைத் திறப்பதற்கு முன்பே என்ஜின் கரியும் எண்ணெயும் கலந்த உன் வாசனை வந்துவிட்டது. "தூங்குறாராம்மா?" என்று மெதுவாகக் கேட்டாய். "தூங்குறாருடா" என்றாள் அவள். நான் தூங்கவில்லை. தலையை ஆட்டக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார், பெற்ற பிள்ளையை வாடா என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. மூச்சை ஒரே சீராக விட்டுக்கொண்டு, நன்றாகத் தூங்குகிறவன் மாதிரிக் கிடந்தேன். மூச்சை அடக்குவதுதான் எனக்குக் கைவந்த வித்தையாயிற்றே. நீ கொஞ்ச நேரம் கால்மாட்டில் நின்றுவிட்டு, கமலாப்பழத்தை வைத்துவிட்டுப் போனாய். அதைப் பிழிந்து கொடுத்தபோது யார் வாங்கி வந்தது என்றுகூடக் கேட்காமல் குடித்தேன்.

கட்டை அவிழ்த்துப் புண் ஆறிய பிறகு கண்ணாடி போட்டுவிட்டார்கள். அது கண்ணாடி இல்லை, சோடா பாட்டிலின் அடிப்பாகம். "எல்லாம் கொஞ்சம் பெரிசா, கிட்டத்துல தெரியும். போகப் போகப் பழகிடும்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த முதல் வாரம் டம்ளர் கிட்டே இருக்கிறது என்று நினைத்து அதற்கு இந்தப் பக்கத்திலேயே காப்பியை ஊற்றினேன். வாசற்படி கிட்டே இருக்கிறது என்று காலை நீட்டி விழப்பார்த்தேன். நிலைக்கதவு வில்லாக வளைந்து தெரிந்தது. ஆனால் நீலம்! நீலம் என்று ஒரு நிறம் இருப்பதையே மறந்துவிட்டிருந்தேன். கொடியில் காய்கிற உன் அம்மாவின் பழைய சேலை அப்படி ஒரு நீலமாக இருந்தது. அதன் முந்தானையில் போட்டிருந்த ஒட்டும் அப்படியே தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். எப்போது இவ்வளவு கிழவியானாள் என்று திகைத்துப் போனேன். எத்தனை வருஷமாக அந்த முகத்தைப் பார்க்காமலே சோறு போடு, தண்ணி கொண்டா என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்!

இவ்வளவு பார்த்த பிறகும் கை துப்பாக்கிக்குத்தான் துறுதுறுத்தது. இனி வழக்கம்போல வேலை செய்யலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த மறுநாளே ரைபிளை எடுத்துத் துடைத்தேன். பொங்கலுக்கு அப்புறம் பலகையில் மாட்டிய கடைசிக் காகிதத்தை உன் அம்மா கொட்டகைத் தூணிலேயே செருகி வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்து, கொட்டகையடியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வட்டம் பெரிதாக, பளிச்சென்று தெரிந்தது. அட, டாக்டர் சொன்னது சரிதான், இந்தக் கண்ணாடியில் வளையலே தட்டு மாதிரித் தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். ரைபிளின் முனையில் இருக்கிற குறிமுள் மட்டும் மங்கலாக இருந்தது. அதையும் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த இடத்தில்தான் எனக்கு வெகு காலத்துக்கு அப்புறம் அந்தப் பழைய வார்த்தை வாயில் வந்தது. கண் தெரிகிறதே, இனி கேட்பதற்கு என்ன பயம் என்ற தெம்பில், "பின்னாடியா?" என்று கத்தினேன். பதில் இல்லை. உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். பதில் இல்லாமல் குழலைத் தூக்கக் கூடாது என்பது சட்டம். ரைபிளைச் சுவரில் சாத்திவிட்டு, சும்மா இருக்கிற நேரத்துக்குப் பலகையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம் என்று நடந்தேன்.

கிட்டப் போகப் போக வட்டம் இன்னும் பெரிதாயிற்று. கண்ணாடியின் வேலை என்றே நினைத்தேன். கிணற்றடியில் துணி துவைக்கும்போது கழற்றி வைத்த வளையல் ஒன்று கல்லின் மேல் கிடந்தது. ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. எடுத்துக் கொண்டுபோய் அந்தக் கறுப்பு வட்டத்தின் நடுவில் வைத்தேன். வட்டத்தைப் பெரிதாக்குகிற கண்ணாடி வளையலையும் பெரிதாக்கத்தானே வேண்டும்? இரண்டும் ஒன்றாகப் பொருந்தத்தானே வேண்டும்? வளையல் அந்தக் கறுப்புக்கு நடுவில் சின்னதாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்பு மிச்சம் இருந்தது. நீ சொன்னது சரி. சோத்துத் தட்டு. வளையலுக்குள் ஒரு ஓட்டைகூட இல்லை. கறுப்பில் அங்கொன்று இங்கொன்று, மீதி எல்லாம் வெள்ளையில், பலகையில். உன்னை அடித்த கையால்தான் அந்த வளையலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தால் பெருமை போயிற்று என்று அழுதுவிட்டுப் போயிருப்பேன். பலகைக்குப் பக்கத்தில் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் முருங்கை மரம். அதன் அடிமரத்தில் சிவப்பும் பழுப்புமாகப் பிசின் உருண்டை உருண்டையாகக் கட்டியிருந்தது. பூச்சி அரித்திருக்கிறது போல என்று ஒரு உருண்டையைக் கிள்ளி எடுத்தேன். அடியில் விரல் நுனி நுழைகிற மாதிரி ஒரு பொத்தல். நகத்தால் நோண்டினேன். நசுங்கிய ஈயத் துண்டு ஒன்று கையோடு வந்தது. இன்னொரு உருண்டையைப் பிய்த்தேன், அதிலும் அதுதான். அடிபட்ட இடத்தில் எல்லாம் மரம் பிசின் விட்டிருந்தது. ஒன்று என் இடுப்பு உயரத்தில், ஒன்று தோள் உயரத்தில். உன் அம்மா என்னைவிடக் குள்ளம். என் தோள் உயரம் என்றால் அவளுக்கு நெற்றி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெயிலுக்கு அவள் ஒதுங்கி நின்றது அந்த மரத்தடியில்தான்.

அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடையிலிருந்து வந்தவள் என்னைப் பார்த்துப் பதறி ஓடி வந்தாள். நான் கையை விரித்துக் காட்டினேன்.

"இது இன்னா தெரியுதா?"

அவள் என் கையைப் பிடித்து, மோந்து பார்க்கிறவள் மாதிரி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ஈயங்களா?"

"நீ எங்க நின்னுக்கினு இருந்த?"

"இங்கதாங்க. நெழல்ல."

"உனக்கு இன்னா பைத்தியமா? தூர நிக்கறதுக்கு இன்னா கேடு? கொட்டாயாண்ட என் பின்னால நின்னா ஆவாதா?"

"தூர நின்னா எனக்கு ஓட்டை தெரியாதுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "எனக்கும் உங்களாட்டந்தாங்க. எல்லாம் பொகையா இருக்குது. மொதல்ல உங்களுக்குத் தெரியணுமேன்னுதான் வட்டத்தப் பெருசாக்கனேன். சொம்ப வெச்சு இழுத்தேன், அப்பறம் தட்ட வெச்சேன். கடைசில எனக்கே சின்ன வட்டம் போட வரல. எங்க பட்டுச்சுன்னும் தெரியாது. விரலால தடவிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். உள்ளன்னு சொன்னா உங்க மொகம் மலர்ந்துக்கினு இருக்கும்னு ஒரு நெனப்பு."

"குண்டு பக்கத்துல வந்து மரத்துல ஏறுது. உனக்குச் சத்தம் கேக்கலியா?"

"கேக்கும். நீங்க பின்னாடியான்னு கேப்பீங்க, முன்னாடின்னு சொல்லிட்டு நவுந்துக்கலாம்னு இருப்பேன். நீங்கதான் கேக்கறதையே உட்டுட்டீங்களே."

இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. காய் வாங்கிய சங்கதி சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஜல்தி எழுந்திருங்க, கண்ணு ஆறாத நேரத்துல மண்ணுல குந்தக் கூடாது" என்று கையைக் கொடுத்தாள். உன் கார்டை ஏன் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளால் படிக்க முடியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் புரை விழுந்திருக்கிறது. ஒருத்தன் தன் கண்ணுக்காக ஊரைக் கூட்டி, பட்டணம் போய், மணல் மூட்டை வைத்துப் படுத்துக் கஞ்சி குடித்துவிட்டு வந்திருக்கிறான். அந்தக் கஞ்சியை அவன் வாய் எங்கே என்று கையால் தடவிப் பார்த்து ஊற்றியிருக்கிறாள் இன்னொருத்தி. கரண்டி சில சமயம் என் மோவாயில் இடித்தபோது, பதனமா ஊத்தத் தெரியாதா என்று நான் சிடுசிடுத்தேன். அதை நினைக்கும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்ற உரிமையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடு. இதை நீ பொங்கலன்றே எனக்குச் சொன்னாய், இப்போது உன் சரக்கையே உனக்குத் திருப்பித் தருகிறேன். கெட்டிக்காரன் என்று பேர் எடுத்த ஒருத்தன் வீட்டில் இருந்தால், அந்தப் பேரைக் காப்பாற்றும் பாரம் பூராவும் வீட்டில் இருக்கிறவர்கள் தலையில்தான் விழும். நீ வேலையில் கெட்டிக்காரன் என்று கேள்விப்படுகிறேன், சந்தோஷம். வீட்டுக்குள் வரும்போது அதைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வா. உன் பெண்டாட்டி எங்கே நிற்கிறாள் என்று கேள். தினமும் கேள். தெரிந்தாலும் கேள்.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் பொய். அது இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எடுத்து எண்ணெய் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு பார்த்தும், அவ்வளவு கேட்டும், இந்தக் கை இருக்கிறதே, அதற்கு வெட்கமில்லை. நீயோ மாமனோ வந்து அதை எடுத்துக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து விடுங்கள். என்னை நம்பி விடாதீர்கள். கல்யாணம் முடிந்த கையோடு உன் அம்மாவைப் பட்டணத்துக்குக் கூட்டிப் போகிறேன். உங்களுக்கு யார் சோறாக்கிப் போடுவார்கள் என்று அடம் பிடிக்கிறாள். நான் ஆக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கேப்பைக் களி கட்டி கட்டியாக வருகிறது, கஞ்சி பரவாயில்லை. அவளுக்கு இப்போதைக்குக் கஞ்சிதானே வேண்டும். கரண்டியை மோவாயில் இடிக்காமல் ஊற்றுவேன்.

கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடு என்று கேட்கவில்லை. உன் அம்மாவுக்குத் துணையாக மலையேறி வருகிறேன், படிகளில் அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். எனக்கும் படி ஒழுங்காகத் தெரிவதில்லை, இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வந்து சேருவோம். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். தாலி கட்டும்போது அவளை உனக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் நிறுத்திவை. சடங்கு, முறை என்று யாராவது தள்ளி நிறுத்தினால் விடாதே. தூர நின்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். இந்தக் கண்ணாடியில் எனக்கு எங்கிருந்தாலும் பெரிதாகவே தெரியும்.

மேளம் கொட்டுவதற்கு முன்னால், தாலியைக் கையில் எடுத்ததும், உனக்கு மனசு இருந்தால் ஒரு தடவை தலையைத் திருப்பி, "பின்னாடியா?" என்று கேள். நான் பதில் சொல்லுவேன். நீ கேட்காவிட்டாலும் அங்கேதான் நிற்பேன்.

உன் நைனா